துஆக் கொப்பி

வட்டிலப்பம் வந்து சேர்ந்தபோதுதான், விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று மேனுஜாவுக்கு உறைத்தது. அதற்கு முதல் வந்தவர்களெல்லாம் வாயோடு வந்து வாயோடு போனவர்கள். பக்கத்து வீட்டுச் சுபைறா ராத்தா அப்படியல்ல. பத்து முட்டை ஊற்றி, கித்துள் கருப்பட்டி கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு அவித்த வட்டிலப்பத்தை வெள்ளை லேஸ் துணியால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். இரண்டு வளவுக்கும் நடுவில் மதிலில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அந்த வழியால் வந்தால் பத்து எட்டு நடைதான். அதை விட்டுவிட்டு, தெருவில் நாலு வீட்டுக் கண்ணில் படும்படி சுற்றி வந்தாள்.

“உம்றாவுக்குப் போற புள்ளகா நீ. வெறுங்கையோட வாறதா?” என்று மேசையில் வைத்தாள். முக்காட்டு நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். “எங்க, அந்தக் கொப்பிய எடு.”

மேனுஜா எடுத்தாள்.

“எழுது. என்ட ரெண்டாவதுக்கு இந்த வருசத்துக்குள்ள ஒரு இடம் வரணும். நிந்தவூருக்குள்ளயே வரணும். மாப்புள சிகரெட் குடிக்கப்படா. தாய்க்காரி வாய்க்காரியா இரிக்கப்படா. எழுதினயா?”

“எழுதின ராத்தா.”

“கஃபாவுக்கு முன்னால நிண்டு வாசி. சனம் நெருக்குது எண்டு அவசரத்தில பாதிய முழுங்கிராத.”

பதினேழு என்று இலக்கமிட்டு, பெயர் எழுதி, விபரம் எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டாள் மேனுஜா. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு கமநல சேவை நிலையத்தில் இருபது வருஷமாக விவசாயிகளின் படிவங்களை நிரப்புகிறவள். யாராவது எதிரில் உட்கார்ந்து “எழுது” என்றால், நெஞ்சு என்ன நினைத்தாலும் கை தன்பாட்டில் எழுதிவிடும்.

ஆனால் அவள் உம்றாவுக்குப் போகவில்லை. மலேசியாவுக்குப் போகிறாள். பத்து நாள். சும்மா, பார்க்க.

பொய் சொன்னாளா என்று கேட்டால், சொல்லவில்லை. மூன்று கிழமைக்கு முதல் கல்முனையில் வாங்கிய சக்கரப் பேக்கை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது சுபைறா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “பயணமாகா?” என்றாள். “ஓம் ராத்தா.” “உம்றாவுக்கா?” அந்த இடத்தில் ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதற்குப் பின்னால் வரக்கூடிய கேள்விகள் அத்தனையும் வரிசையாக நிற்பது மேனுஜாவுக்குத் தெரிந்தது. அப்ப எங்க, ஆரோட, என்னத்துக்கு, கூடப்பிறந்த காக்காவுக்குத் தெரியுமா. அவள் பேக்கைத் தூக்கிக்கொண்டு, “துஆச் செய்ங்க ராத்தா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்காக இறைவனிடம் கேளுங்கள் என்பது எதற்கும் சொல்லக்கூடிய பதில். சோதனை எழுதப் போகிறவனும் சொல்வான், கண்ணில் வெள்ளை வெட்டப் போகிறவரும் சொல்வார். சுபைறா ராத்தாவுக்கோ அது ‘ஓம்’ என்று கேட்டது. நாற்பத்துநாலு வயதில், புருஷனைப் பிரிந்த ஒரு பொம்பிளை பேக் வாங்கினால் மக்காவுக்கல்லாமல் வேறு எங்கே போவாள்?

அன்றிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்தப் பயணம் போகிறவர் போகுமுன் தெரிந்தவர், தெரியாமல் நோகடித்தவர் எல்லோரிடமும் ‘என்னப் பொருந்திக்கங்க’ என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். வழியனுப்ப வருகிறவர்களும் கேட்பார்கள். கையோடு தங்கள் தேவையையும் சொல்லிவிட்டுப் போவார்கள். மகனுக்கு ஏ.எல். பாஸாக வேணும். தோணி இன்ஜின் இந்தத் தடவையாவது ஏமாற்றக்கூடாது. ஒருத்தி ஒரு பெயரை மட்டும் காதுக்குள் சொல்லி, “வேற ஒண்டும் எழுத வேணா, அல்லாஹ்வுக்கு விளங்கும்” என்று ஓடிவிட்டாள். மறந்துவிடுமே என்று மேனுஜா ஒரு கொப்பியில் எழுதினாள். கொப்பி இருக்கிற செய்தி பரவியதும் இன்னும் கூடுதலாக வந்தார்கள். எழுதி வைக்கிற ஆளிடம் யாருக்கும் நம்பிக்கை கூடத்தானே செய்யும்.

வேலை செய்யும் கந்தோரில் உண்மை தெரிந்தது ஒருத்திக்குத்தான். பக்கத்து மேசை இமக்குலேற்.

“இன்னும் சொல்லேல்லையா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

“எப்பிடிச் செல்ற? இருபத்தஞ்சு பேர்ர தேவ கையில கிடக்கு.”

“மறுகா என்ர முழங்காலையும் எழுதிவிடு. மாதாவுக்கு மூண்டு வருசமாச் சொல்லுறன், இன்னும் நடவடிக்கை எடுக்கேல்ல.”

அதையும் மேனுஜா எழுதினாள். இலக்கம் இருபத்தி ஆறு.

*

இரண்டு வருஷத்துக்கு முதல், அந்தக் கந்தோரில், அதே மேசையில் வைத்துத்தான் அவளுக்கு விஷயம் தெரியவந்தது. பொலன்னறுவைப் பக்கமிருந்து வந்து இங்கே காணி குத்தகைக்கு எடுத்த ஒரு மனிதர் உர மானியப் படிவத்தோடு நின்றார். அவளுடைய பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, “நெல்லுக்கார நளீமுக்குச் சொந்தமா? எங்கட ஊர்லதானே போன வருசம் கலியாணம் முடிச்சாரு. சாப்பாடு என்டா சாப்பாடு!” என்றார். புகழ்ந்துதான் சொன்னார். அவள் புருஷன் நளீம் நெல் வாங்க மாதத்தில் பத்து நாள் அந்தப் பக்கம் போய்வருகிறவன். மேனுஜா தலையை நிமிர்த்தவில்லை. காணியின் அளவு கேட்டாள், வாய்க்கால் இலக்கம் கேட்டாள், கையொப்பம் வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி போட்டுக் கொடுத்தாள். அந்தப் படிவத்தில் ஒரு வெட்டுத்திருத்தம் கூட இருக்கவில்லை. பிறகு பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடி முடியும்வரை நின்றாள். தாங்கியில் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் குழாய் நின்றது.

பிரிவதற்குக் கேட்டவள் அவள்தான். காதி நீதிமன்றத்தில், காதியார் முன்னிலையில் மூன்று அமர்வு. மூன்றிலும் நளீம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். “மார்க்கம் தந்த உரிமை” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. “வீடு உங்கட பேர்லதானே?” என்று அவளைக் கேட்டார்கள். “ஓம்.” “அப்ப பெரிய பிரச்சினையில்ல.” எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாவும் காக்காவும் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இருப்பான். முறிந்தால் அவன் தன் பேக்கை எடுத்துக்கொண்டு போவான். நளீமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு, இரண்டு பேக்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். காற்சட்டைப் பைக்குள் டீவி ரிமோட்டும் சேர்ந்து போய்விட்டது. அவள் அதற்குப் பிறகு டீவி பார்ப்பதையே விட்டாள். ரிமோட் கேட்டு ஆள் அனுப்ப மனம் வரவில்லை.

‘வீடு இரிக்கி, உனக்கென்ன’ என்றார்கள். வீடு இருந்ததுதான் வில்லங்கம். சுவரின் நிறம் அவன் சொன்னது. கட்டில் கிடந்த திசை அவன் சொன்னது. மீன் ஆணத்துக்கு எவ்வளவு புளி என்பது அவன் நாக்குச் சொன்னது. போனவன் இரண்டு பேக்கோடு போய் எங்கோ புதிதாகத் தொடங்கிவிட்டான். இவள்தான் அவனுடைய விருப்பங்களுக்கு நடுவில், காவல்காரி மாதிரி இருந்தாள். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் இமக்குலேற் கேட்டாள்: “உனக்கு என்ன சொல்ல? பால் தேத்தண்ணியா பிளேன்டியா?”

“அவர் பிளேன்டிதான் குடிக்கிற,” என்றாள் மேனுஜா.

“நான் உன்னையெல்லோ கேட்ட.”

கடைக்காரர் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். நாற்பத்திரண்டு வயது ஆகியும், தனக்கு எந்தத் தேத்தண்ணி பிடிக்கும் என்று தெரியாமல் ஒருத்தி நிற்கிறாள்! சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காதியார் முன்னால் கூட அழாதவள்.

அதற்குப் பிறகு அவள் வேலை மெனக்கெட்டுத் தேடத் தொடங்கினாள். அவனுக்கு முந்தித் தனக்கு எது பிடித்திருந்தது? இருபத்தியொரு வயதில் கலியாணம். அதற்கு முந்தி உம்மாவின் சொல், காக்காவின் சொல். தோண்டித் தோண்டிப் பார்த்ததில் கையில் தட்டுப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் ஆண்டில் சமூகக்கல்விக்கு வரைந்த ஒரு வரைபடம். ஆளுக்கொரு நாடு என்று ஆசிரியை பிரித்துக் கொடுத்ததில் அவளுக்கு விழுந்தது மலேசியா. நெல் விளையும் இடத்தைப் பச்சை நிறம் தீட்டச் சொன்னார்கள். மேற்குக் கரையில், மேலே, ஒரு இலை அளவுக்குப் பச்சை. கடலுக்கு நீலம் தீட்டித் தீட்டி, கொப்பித் தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்டி, இந்தப் பக்கக் கரையில் தன் ஊர் நிந்தவூரையும் ஒரு புள்ளியாக வைத்தாள். யாரும் சொல்லாமல், தானாக வைத்த புள்ளி. ஒரு வருஷம் அது வகுப்புச் சுவரில் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் றிப்னாவிடம் இதைச் சொன்னபோது அவள் போனைத் தட்டிக்கொண்டே, “அப்ப போங்க உம்மா” என்றாள், கடைக்குப் போங்க என்கிற மாதிரி. கொழும்பிலிருந்து போகும் ஒரு குழுவில் அவளே இடம் பிடித்தாள். சிறுபோக வெட்டு முடிந்து பெரும்போகக் கூட்டங்கள் தொடங்குமுன் கந்தோரில் லீவு கிடைக்கிற பத்து நாளாகப் பார்த்தாள். கடைசி மூன்று நாள் குழுவை விட்டு, வடக்கே அந்தப் பச்சை நிறப் பக்கத்துக்கு மேனுஜா தனியப் போவதாக ஏற்பாடு.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்த கையோடு கேற்றுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சத்தத்திலேயே தெரிந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய், கேற்றைத் திறக்காமல் இந்தப் பக்கம் நின்றாள். அந்தக் கேற்றுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தவன் அந்தப் பக்கம் நின்றான். கூப்பிடுவதற்கு இரண்டு பேருக்கும் ஒரு சொல் இல்லை. இருபத்தியொரு வருஷம் அவள் ‘இஞ்சாருங்க’ என்றாள், அவன் ‘இந்தா புள்ள’ என்றான். இரண்டும் இப்போது செல்லாது. நளீம் தொண்டையைச் செருமினான்.

“உள்ளுக்கு வரல்ல.”

“வரவும் ஏலாதானே.”

“உம்றாவுக்குப் போறயாம்.” எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தான். ஆள் மெலிந்துதான் போயிருந்தான். “போற ஆக்கள்தான் எல்லார்ட்டயும் போய்க் கேக்கிற. நீ என்னட்ட வரமாட்டாய் எண்டு தெரியும்.”

“உங்களுக்கிட்ட நான் என்னத்துக்குக் கேக்க?”

“அதத்தான் செல்றன். நான்தான் கேக்கணும்.” அவன் பேச்சு திடீரென்று வேகமெடுத்தது. “அங்க போய் நிண்டு எனக்கு எதிரா கையேந்திராத. அநியாயம் செய்யப்பட்ட ஆள்ர துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில திரையில்லயாம். இப்பதான் மௌலவி குத்பாப் பிரசங்கத்தில செல்லிப்போட்டு இறங்கினாரு. அவரு என்னப் பாத்துத்தான் செல்லினாரோ தெரியா. எனக்குச் சீனியும் முந்நூறத் தாண்டிட்டு. என்னப் பொருந்திக்க.”

மதிலுக்கு அந்தப் பக்கம் சுபைறா ராத்தா உடுப்புக் காயப்போடுவது நின்றுபோன சத்தம் கேட்டது.

அநியாயம் செய்யப்பட்ட ஆள். மூன்று அமர்விலும் இவன் வாயிலிருந்து வராத சொல், கேட்காமலே கேற்றுக்கு வந்து நிற்கிறது. அதைவிட, இவன் பயப்படுகிறான். அவளுடைய இரண்டு கைகளுக்கும் பயப்படுகிறான். மேனுஜாவுக்கு உடம்பெல்லாம் ஒரு தித்திப்பு ஓடியது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும். அவள் கொழும்பில் விமானம் ஏறி இறங்கும்வரை இவனுக்குச் சோறு இறங்காது. சொன்னாலோ, பின்னேர அஸர் பாங்குக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். காக்கா வருவார். பயணம் நின்றாலும் நிற்கும். ஒரு நிமிஷத்துக்கும் மேலாக அவள் அந்தத் தித்திப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் படிவம் நிரப்புகிறவள். பிழையான விபரத்தின் மேல் வைத்த கையொப்பம் செல்லாது என்பதை ஆயிரம் பேருக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியவள்.

“நான் உம்றாவுக்குப் போகல்ல,” என்றாள்.

“என்ன?”

“மலேசியாவுக்குப் போறன். பாக்க.”

“ஆர?”

“ஆரையுமில்ல. நாட்ட.”

“ஆரோட?”

“ஒரு குறூப்போட. கடைசி மூணு நாள் தனிய.”

நளீமின் முகத்தில் முதலில் ஒரு ஆறுதல் வந்தது. பிறகு அது நிற்க இடமில்லாமல் தடுமாறியது. “அப்ப… இப்ப நான் கேட்டது?”

“கேட்டது கேட்டதுதான். நில்லுங்க.” உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்து, கேற்றுக் கம்பியில் வைத்து எழுதினாள். இலக்கம் முப்பத்தியொன்று. நளீம். ஒன்று, சீனி வருத்தம் இறங்க வேண்டும். இரண்டு, மேனுஜா பொருந்திக்கொள்ள வேண்டும்.

“பொருந்திட்டியா?”

“எழுதியிரிக்கன்.”

“அதென்ன பதில்?”

“விண்ணப்பம் கிடைச்சிட்டு. முடிவு பொறகு அறிவிக்கப்படும்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கந்தோர்ப் பேச்சு என்று அவளுக்கே விளங்கியது. சிரித்துவிட்டாள். கேற்றுக்கு அந்தப் பக்கத்தில் அவனுக்கும் வாயோரம் ஒரு பக்கமாக இழுத்தது. மோட்டார் சைக்கிளை உதைத்து, திருப்பி, போகுமுன், “ரிமோட்டக் குடுத்தனுப்புறன்” என்றான்.

*

அஸருக்குக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. மதில் கதவு படாரென்று திறந்தது.

“பத்து முட்டகா!” என்றாள் சுபைறா ராத்தா. “பத்து முட்ட! கொல்லையில நிண்ட கோழியெல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிது!”

மேனுஜா கதிரையை இழுத்துப் போட்டாள்.

“மலேசியாவில என்ன இரிக்கி?”

“வயல் இரிக்காம் ராத்தா.”

“வயலா? விடிஞ்சா நாவிதன்வெளி முழுக்க வயலத்தானே பாக்காய்! அதப் பாக்க பிளேன்ல போகணுமா?” கேட்டுக்கொண்டு வந்த கோபத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முக்காட்டை வாயில் வைத்தாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

மாலையில் காக்கா வந்தார். றஊப் காக்கா கல்முனைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். இந்த வீட்டின் ஒவ்வொரு கதவுப் பிணைச்சலும் அவர் கொண்டுவந்தது. உட்காரவில்லை.

“பள்ளியடியில கேக்காங்க. என்னத்தச் செல்ல?”

“மலேசியா எண்டு செல்லுங்க காக்கா.”

“பொம்புள தனியப் பேக்கத் தூக்கிக்கிட்டுப் போறது எங்கட குடும்பத்தில இல்ல மேனு.”

“ஓம். நம்மட வீடுகள்ல பேக்கத் தூக்குற ஆம்புளதான்.” அவள் குரல் உயரவில்லை. “அவரு தூக்கிக்கிட்டுப் போகக்குள்ள ஆரும் எங்க போறாய் எண்டு கேக்கல்ல. நான் பத்து நாளைக்குத்தான் காக்கா. கிறுகி இந்த வீட்டுக்குத்தான் வருவன்.”

காக்கா சுவரைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு மேனுஜா பேக்கைப் பூட்டவுமில்லை, பிரிக்கவுமில்லை. காக்கா ‘வேணாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நின்றிருப்பேன் என்ற பதில் வருமோ என்று பயந்தாள்.

மறுநாள் காலை மூன்று பேர் வந்து தங்கள் துஆவை வெட்டச் சொன்னார்கள். மேனுஜா கிழிக்கவில்லை. அடிமட்டம் வைத்து ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டாள். மற்றவர்கள் வரவில்லை. பத்து மணிபோல மதில் கதவால் சுபைறா ராத்தா தலையை நீட்டினாள்.

“என்டத வெட்டிராத. அங்கயும் மேல அவன்தானே இரிக்கான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், “ஊருக்குள்ளயே எண்டு எழுதினதத் திருத்து. அக்கரைப்பற்று எண்டாலும் பரவாயில்ல.”

அவள் தலை மறையுமுன் முன்பக்கத்தில் காக்காவின் லொறி வந்து நின்றது. காக்கா இறங்கி, கடையில் சங்கிலியும் கம்பியும் நிறுக்கிற தொங்கு தராசை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பேக்கின் பிடியில் கொக்கியை மாட்டி, மூச்சுப் பிடித்துத் தூக்கினார்.

“இருபத்தி ரெண்டு,” என்றார். “பிளேன்ல எவ்வளவு உடுவான்?”

“இருபத்தஞ்சு.”

“அப்ப மூணு கிலோ இரிக்கி. மாசிக் கருவாடும் மிளகாய்த்தூளும் வெச்சிக்க. அந்தச் சாப்பாடு உனக்கு ஒத்துக்குமோ என்னமோ.”

*

ஒத்துக்கொண்டது. குழுவோடு போன ஏழு நாளும் உயரமான கட்டிடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்தாள், சாப்பிட்டாள், கால் வலித்தது. எட்டாம் நாள் தனியாக ரயில் ஏறினாள். ஏறும்வரை பயமாகத்தான் இருந்தது. வண்டி நகரத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் பச்சை விரிந்தபோது பயம் எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்று அவள் கவனிக்கவில்லை. அவள் தீட்டிய அதே இடம். ஆனால் அவள் கொப்பியில் இருந்த பச்சையைவிட இது கொஞ்சம் வெளிறின பச்சை. இன்னும் கதிர் தள்ளாத பயிர்.

தங்கிய வீட்டுக்காரியின் பெயர் கமாரியா. ஐம்பது வயதிருக்கும். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் விருந்தைச் சொல்லும் ‘கந்தூரி’ என்றால் அவளுக்கு விளங்கியது. முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று மேனுஜா கையால் கேட்டாள். கமாரியா இரண்டு விரலைக் காட்டி, “தலாக்,” என்றாள், “தலாக்,” என்றாள், ஒவ்வொரு விரலாக மடக்கி. மேனுஜா ஒரு விரலைக் காட்டினாள். ஒன்றுதானா என்கிற மாதிரி கமாரியா உதட்டைப் பிதுக்க, இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவள் ஒரு கையில் டின்பாலையும் மறு கையில் இஞ்சித் துண்டையும் தூக்கிப் பிடித்துப் புருவத்தை உயர்த்தினாள். மேனுஜா இரண்டையும் காட்டினாள். ஆவி பறக்க வந்த தேத்தண்ணியில் இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அடுத்த தரம் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் விடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு வரம்பால் நடந்தாள். வாய்க்காலுக்குச் சீமெந்து போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. இதைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று எடுத்தாள். கொஞ்சத் தூரத்தில், தண்ணீர் வற்றி அடி தெரிகிற ஒரு கிளை வாய்க்கால் கட்டின் மேல், கமாரியா காட்டித்தந்த கிப்லாத் திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். நிந்தவூரில் தொழ நின்றால் கடல் முதுகுப் பக்கம். இங்கே கடல் முன்னால், வயல் முடிகிற இடத்துக்கு அப்பால். அந்தக் கடலுக்கும் அங்கால் மக்கா. போகிற வழியில், கிட்டத்தட்ட அதே கோட்டில், பச்சைக் கேற் போட்ட ஒரு வீடு.

முழுங்காமல் வாசித்தாள். பெயர் சொல்லி, விபரம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி. தோணி இன்ஜினுக்குக் கேட்டாள். சுபைறா ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, திருத்தியபடி அக்கரைப்பற்றையும் சேர்த்துக் கேட்டாள். இமக்குலேற்றின் முழங்காலுக்கு, மாதாவிடமும் சொல்லியிருக்கிறது என்பதை மறைக்காமல் கேட்டாள். அந்தப் பெயரை மட்டும் பெயராகவே சொன்னாள். வெட்டிய மூன்றையும், வெட்டியது வெட்டியபடியே இருக்க, மெல்லச் சொன்னாள். வெய்யில் தோளுக்கு வந்துவிட்டது.

முப்பத்தியொன்று. நளீம். சீனி வருத்தம் இறங்க வேண்டும். அதை மற்ற எல்லாவற்றையும் போலவே, குரல் மாறாமல் வாசித்தாள். இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். அதை மேலே அனுப்பத் தேவையில்லை. அது அவளுக்கு வந்த விண்ணப்பம். அவசரமில்லை.

கீழே முப்பத்தியிரண்டு என்று எழுதிப் புள்ளி வைத்தாள். தன் பெயரை எழுதினாள், விபரத்தை வெறுமையாக விட்டாள். பேனையை மூடி, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை வாய்க்காலுக்குள் தொங்கவிட்டாள். அடியில் கிடந்த தண்ணீர் கணுக்காலுக்கும் காணாது. மேலே எங்கோ இரும்புச் சில்லுச் சுற்றுகிற சத்தம் கேட்டது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம், யாரோ மதகுக் கதவைத் திறக்கிறார்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வைக்கோல் துரும்பொன்றை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வளைவால் திரும்பி வந்தது. கணுக்காலைத் தொட்டது, ஏறியது. மேனுஜா உடுப்பின் ஓரத்தை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். காலை எடுக்கவில்லை.